கீழே விழுந்த ஹேண்டிகேம், உள்ளே சிக்கிய கேசட்: எஜெக்ட் பட்டனை அழுத்தும் முன் இதைப் படிங்க!

சனிக்கிழமை காலை, பம்மல் சங்கர் நகரில் இருக்கும் அத்தையிடமிருந்து போன். "கண்ணு, தாத்தா கேமராக்குள்ள மாட்டிக்கிட்டாரு. சீக்கிரம் கிளம்பி வா."

பதற வேண்டாம். தாத்தா காலமாகிப் பல வருஷம் ஆகிறது. அத்தை சொன்னது 2004-ல் நடந்த அவருடைய சதாபிஷேக கேசட்டை. போகிக்குப் பரணைச் சுத்தம் பண்ணும்போது, பெரியப்பா சிங்கப்பூரிலிருந்து வாங்கி வந்த பழைய டேப் கேமரா கிடைத்திருக்கிறது. கூடவே ஏழு குட்டி கேசட். அடாப்டரைச் செருகி, மஞ்சள்-வெள்ளை-சிவப்பு ஒயரை டிவியில் மாட்டி, பிள்ளைகளுக்குத் தாத்தாவைக் காட்டியிருக்கிறார் அத்தை. நன்றாகவே ஓடியிருக்கிறது. பாதியில் அத்தை பேரன் ஒயரில் கால் தடுக்க, டிவி ஸ்டாண்டிலிருந்து கேமரா மொசைக் தரையில் தொப்பென்று விழுந்தது. அடாப்டர் ஒயரும் பிடுங்கிக்கொண்டது.

திரும்ப ஒயரைச் செருகி ஆன் பண்ணினால் 'டிர்ர்ர்... டக். டிர்ர்ர்... டக்.' திரையில் ஏதோ எரர் குறியீடு. அப்புறம் தானே ஆஃப். கேசட்டும் வெளியே வரவில்லை. நான் போய்ச் சேரும்போது அத்தை எஜெக்ட் பட்டனைப் பத்துத் தடவையாவது அழுத்தி முடித்து, கையில் ஸ்க்ரூ டிரைவரோடு நின்றுகொண்டிருந்தார். "நெம்பிப் பார்க்கட்டுமா?"

நெம்பவில்லை. நல்ல வேளை.

தாத்தா குரல் இருக்கும் ஒரே பதிவு அது. செல்போன் வீடியோ காலத்துக்கு முன்பே அவர் போய்விட்டார். இப்படி ஒரே ஒரு கேசட்டில் ஒரு மனிதரின் குரலை வைத்திருக்கும் வீடுகள் பம்மல், பல்லாவரம், குரோம்பேட்டை பக்கம் எத்தனை இருக்கும்? கேமரா போனால் போகட்டும், கேசட்டை முழுசாக எப்படி எடுப்பது? அதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

முதலில், உள்ளே என்னதான் நடக்கிறது?

இந்த மினி டிவி கேசட்டுக்குள் இருக்கும் டேப்பின் அகலம் 6.35 மில்லிமீட்டர். ஒரு மணி நேர கேசட்டில் சுமார் 65 மீட்டர் டேப் இருக்கும். ஆடியோ கேசட்டில் டேப் ஒரு ஹெட்டை நேராக உரசிப் போகும், அவ்வளவுதான். வீடியோ அப்படி இல்லை. கேசட்டை உள்ளே தள்ளியதும், கேமரா அதன் முன்மூடியைத் தூக்கி, டேப்பை வெளியே இழுத்து, பளபளவென்று இருக்கும் ஓர் உலோக டிரம்மைச் சுற்றிப் போர்த்துகிறது. டிரம்மின் விட்டம் 21.7 மில்லிமீட்டர்தான், நம் ஒரு ரூபாய் நாணயம் அளவு. அது நிமிஷத்துக்கு 9,000 சுற்று சுற்றும். அதில் ஒட்டியிருக்கும் இரண்டு ஹெட்கள் டேப்பின் மேல் சாய்வான கோடுகளாக எழுதும், படிக்கும். ஒரு கோட்டின் அகலம் 10 மைக்ரான். நம் தலைமுடியை நீளவாக்கில் ஏழாகக் கிழித்தால் வரும் தடிமனுக்குச் சமம். நம் நாட்டு பால் முறையில் ஒரு ஃப்ரேம் படத்துக்கு இப்படி 12 கோடுகள்.

டேப்பை இழுத்துப் போர்த்தும் வேலையைச் செய்ய ஒரு சின்ன மோட்டார், சில பிளாஸ்டிக் பல் சக்கரங்கள், தண்டவாளம் மாதிரியான இரண்டு பள்ளங்களில் ஓடும் வழிகாட்டித் தூண்கள் இருக்கின்றன. கேசட் உட்காரும் மெல்லிய தகரக் கூடு ஒன்று. டேப்பைச் சீரான வேகத்தில் இழுக்க ஓர் உலோகத் தண்டும், அதை அழுத்திப் பிடிக்கும் ரப்பர் உருளையும். இவ்வளவும் உள்ளங்கைக்குள் அடங்கும். விழுந்தால் முதலில் அடி வாங்குவது அந்தத் தகரக் கூடுதான்.

இப்போது அத்தை கேமராவுக்கு வருவோம். விழும்போது டேப் ஓடிக்கொண்டிருந்தது. அதாவது, டேப் டிரம்மைச் சுற்றிப் போர்த்தியிருந்தது. அந்த நொடியில் கரன்ட் போய்விட்டது. சாதாரணமாக எஜெக்ட் அழுத்தினால் கேமரா முதலில் டேப்பைக் கேசட்டுக்குள் சுருட்டி, தூண்களைப் பின்னால் கொண்டுவந்து, அப்புறம்தான் கூட்டைத் தூக்கும். இங்கே கூடு வளைந்துவிட்டது. மோட்டார் தள்ளிப் பார்க்கிறது, முடியவில்லை, திரும்புகிறது. அதுதான் அந்த 'டிர்ர்ர்... டக்.'

இந்த நேரத்தில் ஸ்க்ரூ டிரைவரால் கூட்டை நெம்பினால் என்ன ஆகும்? கேசட் மேலே வரும். டேப் டிரம்மிலேயே இருக்கும். நடுவில் டேப் கசங்கும், இல்லை அறுந்துபோகும். தாத்தா ரெண்டு துண்டு.

சத்தத்தைக் கேளுங்க

பம்மல் மெயின் ரோட்டுக்குப் பின்பக்கம் ஒரு சின்னக் கடை. இன்று எல்இடி டிவி, மிக்ஸி, இண்டக்‌ஷன் அடுப்பு ரிப்பேர். 90-களில் விசிஆர் டெக் ரிப்பேர் பார்த்தவர். "என் பேரைப் போட்டுடாதம்மா, அப்புறம் ஊர்ல இருக்கிற கேசட் பூரா என் கடைக்கு வந்துடும்" என்பதால் அண்ணன் என்றே வைத்துக்கொள்வோம்.

அண்ணன் கேமராவைக் கையில் வாங்கியதும் ஆன் பண்ணவில்லை. காதுக்குப் பக்கத்தில் வைத்து மெதுவாக இப்படியும் அப்படியும் சாய்த்தார். "உள்ள ஸ்க்ரூ ஏதாச்சும் கழண்டு உருளுதான்னு பார்க்கணும். உருண்டா ஆன் பண்ணக் கூடாது. போர்டு மேல விழுந்தா ஷார்ட் ஆகிடும்." ஒன்றும் உருளவில்லை. அதன் பிறகுதான் ஒரே ஒரு தடவை அடாப்டரைச் செருகி, கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

எந்தக் கட்டத்தில் கேமரா நிற்கிறது என்பதைச் சத்தமே சொல்லிவிடும் என்கிறார். அவர் சொன்னதை எனக்குப் புரிந்த மாதிரி எழுதுகிறேன்.

சத்தமே வரவில்லை, விளக்கும் எரியவில்லை என்றால் அது டேப் இயந்திரத்தின் கோளாறாக இருக்காது. மின்சாரம் உள்ளே போகவில்லை. விழுந்ததில் பேட்டரி தொடும் இடத்துப் பின் வளைந்திருக்கலாம், அடாப்டர் துளை ஆடியிருக்கலாம். விளக்கு எரிகிறது, ஆனால் எஜெக்ட் அழுத்தினால் அசைவே இல்லையா? பெரும்பாலும் பேட்டரி. 20 வருஷப் பேட்டரியில் சார்ஜ் நிற்காது, சார்ஜ் குறைவாக இருந்தால் பல கேமராக்கள் கேசட்டை வெளியே விடாது. அடாப்டரில் போட்டால் சமர்த்தாகத் துப்பிவிடும். கேசட் மாட்டிக்கொண்டது என்று வரும் கேமராக்களில் இந்த மாதிரி ஒன்றுமில்லாத கேஸ் நிறையவாம்.

மோட்டார் கொஞ்சம் ஓடி, 'டக்' என்று முட்டி, திரும்ப முயற்சி பண்ணினால் அது அத்தை கேமராவின் நோய். வழியில் ஏதோ தடுக்கிறது. வளைந்த கூடு, பள்ளத்திலிருந்து விலகிய தூண், இல்லை பிள்ளைகள் உள்ளே போட்ட ஒரு ரூபாய்.

டிரம் 'உய்ய்ய்' என்று சுற்ற ஆரம்பித்து, இரண்டு மூன்று நொடியில் நின்றுபோனால்? டேப்பைச் சுருட்ட வேண்டிய சக்கரம் சுற்றவில்லை என்று அர்த்தம். ஒவ்வொரு சக்கரத்துக்கும் கீழே ஒரு சென்சார் இருக்கிறது. சக்கரம் நின்றால், டேப் உள்ளே பிதுங்கிக் கசங்காமல் இருக்க கேமரா தானே நிறுத்திவிடும். நமக்குத்தான் அது மக்கர் பண்ணுகிற மாதிரி தெரியும். உண்மையில் அது டேப்பைக் காப்பாற்றுகிறது.

எல்லாச் சத்தமும் சரி, படம் மட்டும் கட்டம் கட்டமாக உடைகிறதா? அது வேறு கதை, கீழே வருகிறேன்.

திரையில் வரும் குறியீடும் உதவும். சோனி ஹேண்டிகேம்களில் 'சி:21' வந்தால் உள்ளே ஈரம் படிந்திருக்கிறது. ஏசி அறையிலிருந்து நம்ம ஊர் வெக்கைக்குக் கொண்டுவந்தால் இது வரும். மூடியைத் திறந்து வைத்து ஒரு மணி நேரம் விட்டால் போதும். 'சி:22' என்றால் ஹெட் அழுக்கு. 'சி:31', 'சி:32' இரண்டும் இயந்திரக் கோளாறு. 'ஈ:61', 'ஈ:62' வந்தால் டேப் பக்கம் இல்லை, பெரும்பாலும் லென்ஸ் பக்கம். ஜேவிசி கேமராக்கள், பாதுகாப்பு நிலைக்குப் போய்விட்டேன், பேட்டரியைக் கழற்றி மாட்டு என்று வாக்கியமாகவே எழுதிக் காட்டும்.

'சி:31' வந்தால் என்ன செய்வது? கம்பெனிக் கையேடுகள் சொல்வது, மின்சாரத்தை முழுசாகப் பிடுங்கி, திரும்பக் கொடுத்து, முயன்று பார் என்பதுதான். பல மாடல்களில் ஊசியால் குத்தும் ரீசெட் துளை ஒன்றும் உண்டு, அதை அழுத்தினால் தேதி, செட்டிங் எல்லாம் அழியும், டேப்பில் உள்ளதுக்கு ஒன்றும் ஆகாது. இதை ஒரு தடவை செய்யலாம், இரண்டு தடவை செய்யலாம். விழுந்த கேமராவில் மூன்றாவது தடவை வேண்டாம். ஒவ்வொரு முறை முட்டும்போதும் அந்த பிளாஸ்டிக் பல் சக்கரம் தேய்கிறது, உள்ளே டேப் இழுபடுகிறது. அத்தையின் பத்துத் தடவைக்கு அண்ணனிடமிருந்து ஒரு பெருமூச்சு வந்தது.

முட்டை அட்டையும் ஒரு இடுக்கியும்

இனி வருவது நீங்களே வீட்டில் செய்து பார்ப்பதற்கு அல்ல. கடையில் என்ன நடக்கிறது என்று தெரிந்தால், சரியான ஆளிடம்தான் கொடுத்திருக்கிறோமா என்று கண்டுபிடிக்கலாம் அல்லவா, அதற்காக.

அண்ணன் முதலில் எடுத்தது ஒரு காலி முட்டை அட்டை. கேமராவின் ஒவ்வொரு பக்கத்திலிருந்து கழற்றும் ஸ்க்ரூவும் ஒவ்வொரு குழியில். எல்லாம் பார்க்க ஒன்று போலவே இருக்கும், நீளம் வேறு. நீளமானதைக் குட்டையான இடத்தில் போட்டால் உள்ளே இருக்கும் போர்டைக் குத்திவிடும். "ஸ்க்ரூவை எல்லாம் ஒரே டப்பாவுல கொட்டுற ஆள்கிட்ட கேமராவைக் கொடுக்காத" என்றார். நல்ல அளவுகோல்.

புகைப்பட ஃபிளாஷ் வைத்த கேமராவாக இருந்தால் ஒரு ஆபத்தும் உண்டு. ஃபிளாஷுக்கான கெபாசிட்டரில் சுமார் 300 வோல்ட் தேங்கி நிற்கும். பேட்டரி கழற்றிய பிறகும் கொஞ்ச நேரம் இருக்கும், தொட்டால் தூக்கிப் போடும். யூடியூப் பார்த்துத் திறக்க நினைப்பவர்கள் இதை மனதில் வைக்கவும்.

பக்கவாட்டு உறையைக் கழற்றியதும் பிரச்னை கண்ணுக்கே தெரிந்தது. தகரக் கூட்டின் வலது காது ஒரு மில்லிமீட்டர் உள்ளே மடங்கியிருக்கிறது. கொக்கி அதில் மாட்டிக்கொண்டிருக்கிறது. ஒரு மில்லிமீட்டர்தான். ஆனால் அவர் உடனே அதை நிமிர்த்தவில்லை. முதலில் டேப்.

ஓரத்தில் இருக்கும் அந்தச் சின்ன மோட்டாரின் பல் சக்கரத்தை இடுக்கியின் நுனியால் ஒவ்வொரு பல்லாகத் திருப்ப ஆரம்பித்தார். தூண்கள் தூங்கி எழுந்த நத்தை மாதிரி பின்னால் நகர்ந்தன. டேப் டிரம்மை விட்டுத் தளர்ந்து தொங்கியது. உடனே கேசட்டின் ஒரு சக்கரத்தைத் திருப்பித் தொங்கியதை உள்ளே சுருட்டினார். மறுபடி பல் சக்கரம், மறுபடி சுருட்டல். சில பேர் மோட்டாருக்கு நேரடியாக மின்சாரம் கொடுத்து வேகமாக முடிப்பார்களாம். இவருக்கு அது பிடிக்காது. "மோட்டாருக்குக் கண்ணு இல்ல. கைக்கு, டேப் எங்க இறுகுதுன்னு தெரியும்."

முக்கால் மணி நேரம். அத்தை ஸ்டூலில் உட்கார்ந்து முந்தானையைப் பிசைந்துகொண்டிருந்தார். டேப் முழுக்க கேசட்டுக்குள் போன பிறகுதான் கொக்கியை விடுவித்தார். கூடு மேலே வந்தது. கேசட் வெளியே. டேப்பில் ஒரே ஒரு இடத்தில் மடிப்பு.

"இதை வெட்டி செலோடேப் போட்டு ஒட்டிடலாமா?" என்று நான் கேட்டது தப்பு. அறுந்த ஆடியோ கேசட்டை அந்தக் காலத்தில் அப்படித்தான் ஒட்டுவார்கள் என்று அப்பா சொல்லிக் கேட்டிருக்கிறேன். வீடியோவில் கூடவே கூடாது. ஹெட் நொடிக்கு 150 தடவை அந்த இடத்தைக் கடக்கும். செலோடேப்பின் பசை கசிந்து ஹெட்டில் ஒட்டினால் ஹெட் காலி. மடிப்பு விழுந்தால் மடிப்போடு விட்டுவிடலாம். அந்த இடம் வரும்போது ஒன்றிரண்டு நொடி படம் உடையும், அவ்வளவுதான்.

கூடு சரியானது, படம் சரியாகலையே?

அண்ணன் காதை நிமிர்த்தி, கேமராவை மூடினார். உடனே தாத்தா கேசட்டைப் போடப் போன அத்தையைத் தடுத்தார். "முதல்ல வேண்டாத கேசட் ஏதாச்சும் போடுங்க." இந்த ஒரு விஷயத்தை மட்டுமாவது இந்தக் கட்டுரையிலிருந்து எடுத்துக்கொள்ளுங்கள். விழுந்த கேமராவை, ரிப்பேர் ஆன கேமராவை, சந்தையில் வாங்கிய கேமராவை, இழந்தால் அழாத கேசட்டை வைத்துத்தான் சோதிக்க வேண்டும். இன்னொன்று, கேசட்டின் முதுகில் ஒரு குட்டி நகரும் பட்டன் இருக்கும். அதை 'சேவ்' பக்கம் தள்ளிவிட்டுப் போட்டால் தவறி ரெக்கார்ட் பட்டனை அழுத்தினாலும் மேலே பதிவாகாது.

ஏதோ ஒரு மாமல்லபுரம் பிக்னிக் கேசட்டைப் போட்டோம். ஓடியது. ஆனால் படத்தின் ஒரு பகுதி முழுக்கக் கட்டம் கட்டமாக உடைந்தது.

இங்கேதான் மேலே விட்ட கதை. டேப் கேமராவில் படம் உடைவதற்கு இரண்டு பெரிய காரணங்கள். ஒன்று, ஹெட்டில் அழுக்கு. இரண்டு ஹெட்டில் ஒன்று அடைத்துக்கொண்டால் படம் முழுக்க, ஒரு பட்டை விட்டு ஒரு பட்டை உடையும். கிளீனிங் கேசட்டைப் போட்டு 10 நொடி ஓட்டினால் சரியாகலாம். அதற்கு மேல் ஓட்டக் கூடாது, அது உப்புத்தாள் மாதிரி ஹெட்டைத் தேய்க்கும். சானிடைசரைப் பஞ்சில் நனைத்து ஹெட்டைத் துடைப்பவர்கள் இருக்கிறார்கள். கையெடுத்துக் கும்பிடுகிறேன், வேண்டாம். பஞ்சு நூல் ஹெட்டில் மாட்டினால் பிய்த்துக்கொண்டு வரும்.

இரண்டாவது காரணம்தான் விழுந்த கேமராக்களுக்கு உரியது. டேப்பை டிரம்மில் சரியான உயரத்தில் பிடித்திருக்கும் வழிகாட்டித் தூண் கொஞ்சம் நகர்ந்துவிட்டது. 10 மைக்ரான் கோட்டைப் படிக்க வேண்டிய ஹெட், பாதி வழியில் பக்கத்துக் கோட்டுக்குப் போய்விடுகிறது. அதனால் படத்தின் ஒரு பகுதி மட்டும் உடையும். எவ்வளவு கிளீன் பண்ணினாலும் போகாது.

அந்தத் தூணின் தலையில் திருகும் வசதி இருக்கிறது. திருகலாமே? அண்ணன் திருகவில்லை. அதை அளந்து சரிசெய்ய கம்பெனி தரும் அளவு டேப்பும், அலையைக் காட்டும் ஆசிலோஸ்கோப்பும் வேண்டும். இல்லாமல் குத்துமதிப்பாகத் திருகினால் இந்தக் கேசட் சரியாகும், அடுத்தது கெட்டுப்போகும். தெரியாததைத் தொடாமல் விட்டாரே, அதற்காகவே அவர் கேட்ட 500 ரூபாயோடு இன்னும் 200 சேர்த்துக் கொடுத்தார் அத்தை.

இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. கேமரா விழுவதற்கு *முன்* எடுத்த கேசட், தூண் சரியாக இருந்தபோது எழுதப்பட்டது. அது நல்ல நிலையில் இருக்கும் வேறு எந்த மினி டிவி கேமராவிலும் ஓடும். விழுந்ததற்கு *பின்* அதே கேமராவில் ஏதாவது எடுத்திருந்தால், அது கோணலாக எழுதப்பட்டது. அந்தக் கோணல் கேமராவில்தான் அது நன்றாக ஓடும். அதனால் 'கேமராதான் உடைஞ்சு போச்சே' என்று காயலான் கடைக்குப் போடும் முன், அது எப்போது விழுந்தது, அதற்குப் பிறகு அதில் என்ன எடுத்தீர்கள் என்று யோசியுங்கள். 2006-ல் விழுந்து, 2008 வரை உபயோகித்த கேமராவாக இருந்தால், அந்த இரண்டு வருஷத்துக்கான சாவி அதுதான்.

எங்கள் கேமரா இந்தப் போகிக்குத்தான் விழுந்தது. ஏழு கேசட்டும் முந்தையவை. தேவை இன்னொரு கேமரா.

வெள்ளிக்கிழமை சந்தையில் என்ன பார்க்கணும்?

பம்மல்காரர்களுக்கு ஒரு வசதி, பல்லாவரம் வெள்ளிக்கிழமை சந்தை நடந்து போகும் தூரம். பழைய ரேடியோ, டிவிடி பிளேயர், ஒயர், கேமரா, புறா, ரோஜாச் செடி எல்லாம் ஒரே ரோட்டில் கிடைக்கும். டேப் கேமராவும் அவ்வப்போது வரும். இல்லையென்றால் அண்ணா சாலைப் பக்கம் ரிச்சி தெரு.

வாங்கப் போனால் படம் எடுக்கிறதா என்று பார்க்காதீர்கள். லென்ஸ் உடைந்திருந்தாலும் நமக்குக் கவலையில்லை, டேப் ஓட வேண்டும், அவ்வளவே. கேசட் மூடியைத் திறந்து கூடு நேராக ஏறி இறங்குகிறதா, இரண்டு காதும் ஒரே உயரமா என்று பாருங்கள். கூட்டை அழுத்தி மூடும்போது 'புஷ்' என்று எழுதியிருக்கும் இடத்தில் மட்டும் அழுத்துங்கள். அது முழுசாக இறங்கின பிறகு வெளி மூடி. அவசரத்தில் வெளி மூடியால் கூட்டைத் தள்ளி வளைப்பவர்கள்தான் அதிகம், கீழே போட்டு வளைப்பவர்கள் அப்புறம். சில மாடல்களில் கேசட் வாய் அடிப்பக்கம் இருக்கும், ஸ்டாண்டிலிருந்து கழற்றாமல் திறக்க முயன்றாலும் இதே கதிதான். அடாப்டர் இல்லாமல் வாங்கவே வேண்டாம்.

கேசட் வகையும் பொருந்த வேண்டும். சோனி 1985-ல் ஹேண்டிகேம் என்ற பெயரில் கொண்டுவந்தது 8 மில்லிமீட்டர் டேப். அப்புறம் ஹை8, 1999-ல் அதே அளவு கேசட்டில் டிஜிட்டல்8. நாம் பேசும் மினி டிவி, 1995-ல் வந்தது, இன்னும் சின்னது. ஒன்று இன்னொன்றில் போகாது. பல டிஜிட்டல்8 கேமராக்கள் பழைய ஹை8 கேசட்டையும் படிக்கும் என்பதால் அவை கிடைத்தால் விட வேண்டாம். அமெரிக்காவிலிருந்து மாமா அனுப்பிய கேசட் என்றால் அது என்டிஎஸ்சி முறை. இந்தியா, சிங்கப்பூர், துபாய் கேமராக்கள் பால் முறை. மாற்றிப் போட்டால் ஒழுங்காக ஓடாது, அது கோளாறு இல்லை.

எங்களுக்குச் சந்தை வரை போக வேண்டியிருக்கவில்லை. ஆபீஸில் கூட வேலை பார்க்கும் ஒருத்தியின் அப்பா பொழிச்சலூரில் கல்யாண வீடியோ ஸ்டுடியோ வைத்திருந்தவர். சன் கன் லைட் பிடித்த காலத்திலிருந்து தொழிலில் இருந்தவர். அவரிடம் ஓடும் கேமராவும் இருந்தது, அதைவிட அபூர்வமான ஒன்றும் இருந்தது: ஃபயர்வயர் கார்டு போட்ட பழைய டெஸ்க்டாப்.

அது ஏன் முக்கியம்? மினி டிவி கேசட்டில் இருப்பதே டிஜிட்டல் தகவல்தான். ஃபயர்வயர் ஒயர் அதை அப்படியே, தரம் குறையாமல் கணினிக்குக் கடத்தும். ஒரு மணி நேர கேசட், சுமார் 13 ஜிபி. கேசட் ஓடும் நேரம்தான் காப்பி ஆகும் நேரமும், அவசரப்படுத்த முடியாது. வின்டிவி போன்ற இலவச மென்பொருளே போதும். கேமராவில் யுஎஸ்பி துளையும் இருக்கும், அதைப் பார்த்து ஏமாறாதீர்கள். பல மாடல்களில் அது மெமரி கார்டில் இருக்கும் போட்டோவுக்கோ மங்கலான வெப்கேம் படத்துக்கோ மட்டும். இப்போது வரும் லேப்டாப்களில் ஃபயர்வயர் துளையே இல்லை. வேறு வழியே இல்லையென்றால் மஞ்சள்-வெள்ளை-சிவப்பு ஒயரிலிருந்து யுஎஸ்பி கேப்சர் குச்சி வழியாக எடுக்கலாம், கொஞ்சம் தரம் குறையும். இல்லாததுக்கு இது மேல்.

நேரம் அதிகம் இல்லை என்பதும் உண்மை. உலகின் கடைசி விசிஆர் தயாரிப்பாளரான ஜப்பானின் ஃபுனாய் 2016 ஜூலையில் உற்பத்தியை நிறுத்தியது. 2019-ல் யுனெஸ்கோவும் சர்வதேச ஒலி-ஒளி ஆவணக் காப்பக அமைப்பும் சேர்ந்து, ஓட்டும் இயந்திரங்கள் அரிதாகிவருவதால் காந்த டேப்களைக் காப்பாற்ற 2025 வாக்கில் நேரம் கடந்துவிடும் என்று எச்சரித்தன. அந்த வருஷமும் வந்து போய்விட்டது. நம்ம ஊரில் கூடுதலாகப் பூஞ்சை. கேசட் ஜன்னல் வழியாக டேப் சுருளில் வெள்ளையாகத் தூள் மாதிரி தெரிந்தால் கேமராவில் போடாதீர்கள். ஹெட்டில் ஒட்டி, அடுத்து போடும் எல்லாக் கேசட்டுக்கும் பரவும். 2015 டிசம்பர் வெள்ளத்தில் அனகாபுத்தூர், முடிச்சூர் பக்கம் தண்ணீரில் மிதந்த கேசட்களை மொட்டை மாடி வெயிலில் காயவைத்து, அப்படியே போட்டுப் பார்த்துக் கேமராவையும் இழந்தவர்கள் உண்டு என்கிறார் அண்ணன்.

பொழிச்சலூரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் தாத்தா கேசட்டைப் போட்டோம். 'சேவ்' பட்டன் தள்ளியாச்சா என்று அத்தை மூன்று தடவை கேட்டார். முதல் இருபது நிமிஷம் பந்தல், சமையல்காரர், பெரியப்பாவின் முதுகு. மடிப்பு விழுந்த இடம் வந்தபோது படம் உடைந்து, கலசத் தண்ணீர் ஊற்றும் நேரத்தில் இரண்டு நொடி காணாமல் போனது. அப்புறம் தாத்தா, கேமராவை நேராகப் பார்த்து, "சிங்கப்பூர்க்காரா, அதை ஆஃப் பண்ணிட்டு வந்து சாப்புடு" என்றார்.

பெரியப்பா ஆஃப் பண்ணவில்லை. அடுத்த பதினோரு நிமிஷம் மண்டபத்து மின்விசிறி மட்டும் ஓடுகிறது, பின்னால் தாத்தா யாரிடமோ வாழைத்தாரின் விலையைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறார். அதுதான் அந்தக் கேசட்டிலேயே அவர் அதிகம் பேசும் இடம். அத்தை அந்தப் பகுதியை மட்டும் தனியாக வெட்டி வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லியிருக்கிறார். இன்னும் ஆறு கேசட் பாக்கி.